பழைய டிராயிங்

“அந்த விபத்து ஃபைலைக் கொடுங்க சார்.”

அதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

மேலாளர் ஃபைலைத் தூக்கிப் போட்டார். “இன்ஜினியரம்மா நல்லாப் பாக்கட்டும். ஃபிட்டர் முரட்டுத்தனமா போல்ட்டை இறுக்கினான், பம்ப்புல குழாயை மாட்டுற விளிம்பு, அந்த ஃபிளாஞ்ச், உடைஞ்சுது, ஆளைத் துரத்திட்டோம்.”

“பம்ப் ஃபிளாஞ்ச் வார்ப்பிரும்பு, முகம் தட்டை. குழாய் ஃபிளாஞ்சுக்கு நடுவுல மேடு. அந்த மேட்டை லேத்துல கடைஞ்சு எடுக்காம சேர்த்தா ஓரத்துல இடைவெளி நிக்கும். எவ்வளவு பக்குவமா இறுக்கினாலும் வார்ப்பிரும்பு தாங்காது. ஃபைல்ல இருக்கிற இந்த டிராயிங்ல கடையச் சொல்லவே இல்லை. கையெழுத்து உங்களோடது.”

“படிச்ச திமிரு! ஏய், டிராயிங்கை எங்கே எடுத்துட்டுப் போறே?”

“எங்கப்பாகிட்ட. ‘அளவாத்தானேம்மா இறுக்கினேன்’னு பத்து வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கார். ‘ஆமாப்பா’ன்னு சொல்லணும்.”

காலையிலேயே எழுதி வைத்திருந்த ராஜினாமாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.