கடல் பார்த்த பால்கனி

தன் சொந்த வீட்டுக் கதவைத் திறக்கத் தெரியாமல் மெத்தைக் கடைக்காரர் திண்டாடிக்கொண்டிருந்தார்.

சொந்த வீடு என்பது பெண் பார்க்க வந்திருந்தவர்களுக்குச் சொன்னது. உண்மையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. தரகர் காட்டிய போட்டோவில் மாப்பிள்ளைப் பையனுக்குப் பின்னால் கடல் இருந்தது. அவர்கள் வீட்டு பால்கனியாம். கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைக்குள் இவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று மனைவி அன்றே ஒப்பாரி வைத்துவிட்டாள்.

அதனால்தான் இந்தப் பன்னிரண்டாவது மாடி. கடல் காற்றுக்குப் பெயர்போன குடியிருப்பு. எல்லா ஜன்னல்களும் சாத்தியே கிடந்தன.

காலையிலேயே வந்து, யாரோ அடித்த ஆணிகளில் தங்கள் குடும்பப் படங்களை மாட்டினார்கள். அடுப்பில் திருகுவதற்கு ஒன்றுமே இல்லாததால், தெருமுனைக் கடை டீ பிளாஸ்கில் மேலே ஏறி வந்து பீங்கான் கோப்பைக்குள் குடிபுகுந்தது. தன் அறை எது என்று கேட்டுச் சிரித்த மகள் அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

ஆனால் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதற்காகவே அவர் படங்களை இரண்டாம் முறையும் நேராக்கினார்.

வந்தவர்களோ எதையும் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா யாரையும் கேட்காமல், ஒரே மாதிரி இருந்த நான்கு கதவுகளில் சரியானதைத் திறந்து கை கழுவிவிட்டு வந்தாள். காலையில் அதே கதவைத் தேடி இரண்டு முறை அலமாரிக்குள் நுழைந்திருந்த கடைக்காரர், வசதியில் வாழ்கிறவர்களுக்கு எந்த வீடும் புதிதில்லை என்று மலைத்துப்போனார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம பால்கனியப் பாக்க வேணாமா?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

கண்ணாடிக் கதவு உப்புக் காற்றில் இறுகிக் கிடந்தது. இழுத்தார். தள்ளினார். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்றார். மானம் கப்பலேறப் போகிறது. கப்பலும் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார். கீழ் மூலையில் முட்டியால் ஓர் இடி. கைப்பிடியை லேசாகத் தூக்கி ஓர் இழுப்பு.

கதவு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

அதன் பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது.

கூடத்தில் தலை குனிந்திருந்த மகளின் தோள் சிரிப்பில் குலுங்கியது. எதிரே பையனுக்கும் குலுங்கியது.

அப்பாக்கள் இருவரும் வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போட்டோவில் பையன் சாய்ந்து நின்ற அதே மூலை. அதே கடல்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சம்பந்தி, சாவிய இப்பவும் அஞ்சு மணிக்கே கேக்குறாங்களா?"