பாதைக்கு ஏற்ற டயர்

“பாய், இந்த டயரும் சரியில்லை. மாத்திக் கொடுங்க.”

சைக்கிள் கடை அசன் முகம்மதுக்குச் சுர்ரென்று ஏறியது. புதன்கிழமை சாயங்காலம் புத்தம் புது டயர் போட்டுக்கொண்டு போன ஆள், வியாழக்கிழமையே வந்து மாற்றிக்கொண்டு போனார். இதோ வெள்ளிக்கிழமை. மறுபடியும் வந்து நிற்கிறார்.

யாரைக் குறை சொல்ல? கடை வாசலில் தொங்குகிற போர்டைத்தான் சொல்ல வேண்டும். ‘பாதைக்கு ஏற்ற டயர். ஒத்துவராவிட்டால் மாற்றித் தரப்படும்.’ ஏதோ ஒரு வேகத்தில் எழுதிப் போட்டு எட்டு வருஷம் ஆகிறது. கல்லிடைக்குறிச்சியில் இதுவரை ஒருத்தரும் அதை நம்பி வந்ததில்லை. வந்த ஒரே மனிதர் இந்தக் குமரவேல், பத்திர ஆபீஸ் குமாஸ்தா.

அதுவும் சொந்த சைக்கிளா? இல்லை. மனைவிக்கென்று வாங்கிய லேடீஸ் சைக்கிள். தடித்த டயர் போடுகிற புது மாதிரி.

“மொதல்ல ரெண்டு சக்கரத்துக்கும் வழவழன்னு கோடு டயர் கேட்டீரு, போட்டேன். வழுக்குதுன்னீரு. நேத்து நானே சொல்லி பின்னால புடைப்பு புடைப்பா பட்டன் டயர் போட்டுவிட்டேன். இப்ப அதுக்கு என்ன கேடு?”

“அதுவும் வழுக்குது பாய்.”

“எங்கன வழுக்குது? பத்திர ஆபீஸ் வராந்தாவிலயா?”

குமரவேல் சிரிக்கவில்லை. “பின்னால உள்ள பட்டனை முன்னால போடுங்க. முன்னால உள்ள கோடு டயர் பின்னால போகட்டும்.”

“தலைகீழால்லா சொல்லுதீரு! மிதிக்கிற மிதியெல்லாம் பின்சக்கரத்துக்குத்தான்வே போகும். முப்பது வருசமா டயர் மாட்டுதேன், எனக்கே சொல்லித் தாரீரா?”

“போடுங்க பாய்.”

போட்டார். போர்டு எழுதித் தொலைத்தாகிவிட்டதே!

கழற்றும்போது பார்த்தால் பட்டன் இடுக்கெல்லாம் பொடிச் சரளை. ஓஹோ, பெண்டாட்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு மணிமுத்தாறு அருவிக்கு உல்லாசமாகப் போய்வருகிறார் துரை என்று அசன் முகம்மது முடிவே கட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை கடை திறந்த கையோடு சங்கரி வந்து நின்றாள். குமரவேலின் மனைவி. முகம் வாடியிருந்தது.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரங்க சைக்கிளோட இங்கன வந்தாங்களா?”

“இன்னும் வரல. வருவாரு, தினமும் வாராருல்லா! என்ன தாயி, ஒரு மாதிரி இருக்கீங்க?”

அவ்வளவுதான் கேட்டார். சங்கரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு பதினோரு வருசம் கழிச்சு டீச்சர் வேலை வந்திருக்கு அண்ணாச்சி. மணிமுத்தாறு தாண்டி மலையடிவாரத்துல, பஸ் போகாத ஊரு. திங்கக்கிழமை சேரணும். சைக்கிள் இல்லாட்டா வேலை இல்லை.”

“நல்ல சேதிதான?”

“என்ன நல்ல சேதி? மூணு நாளா நான் எந்திரிக்கதுக்கு முன்னாலயே சைக்கிளக் காணோம். ஒரு நாள்கூட ஓட்டிப் பாக்க விடலை. அந்த வழி பொம்பளைக்குச் சரிப்படாதுன்னு வீட்டுல அத்தனை பேரும் சொன்னாங்க. இவுக வாயே தொறக்கலை. இப்பல்லா புரியுது, வேண்டாம்னு சொல்ல மனசில்லாம சைக்கிள மறைக்காங்க.”

அசன் முகம்மதுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருஷம் காத்திருந்த பொண்ணு! இப்படியும் ஒரு மனுஷனா?

அந்த மனுஷன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். அதே சைக்கிளில், வேர்க்க விறுவிறுக்க. சங்கரியைப் பார்த்ததும் திகைத்து இறங்கினார்.

“வாரும்வே!” அசன் முகம்மது எழுந்தே விட்டார். “இன்னைக்கு எதை மாத்தணும்? ரெண்டு சக்கரத்தையும் கழத்தித் தந்துருதேன். டீச்சர் வீட்டுலயே கெடக்கட்டும். அதான உமக்கு வேணும்?”

“டயர் மாத்த வரலை பாய். இதுதான் சரி. சீட்டை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க. அவளுக்குக் கால் எட்டணும்.”

சங்கரி விடவில்லை. “காலங்காத்தால சைக்கிள எங்க கொண்டுட்டுப் போனீங்க?”

“உன் பள்ளிக்கூடத்துக்கு.”

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு அவரே தொடர்ந்தார்.

“தார் ரோடு முடிஞ்சு மூணு மைல் சரளை. போறப்ப கஷ்டமில்லை. திரும்பி வாரப்ப ஓடைக்கு முன்னால ஒரு இறக்கம், அங்கன முன்சக்கரந்தான் வழுக்கி இழுத்துட்டுப் போயிரும். பாய் சொன்னாருன்னு பின்னால பட்டன் போட்டும் பாத்தேன், கேக்கலை. முன்னால போட்டாத்தான் நிக்குது. பின்னால கோடு டயர் இருந்தா மிதிக்கவும் லேசு. நீ களைச்சுப் போகாம பாடம் எடுக்கலாம்.”

முப்பது வருஷ அனுபவம் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டது.

“இதை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” சங்கரியின் குரல் உடைந்தது. “நான் என்னென்னவோ நெனச்சிட்டேனே.”

குமரவேல் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மெதுவாகச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சிராய்த்து வழன்று கிடந்தது.

“இதைப் பாத்தா வீட்டுல உன்னை யாரு அனுப்புவா? முந்தாநாள் முழங்கை, நேத்து முழங்கால். இன்னைக்குத்தான் சங்கரி, போக வர ரெண்டு வழியும் விழாம வந்தேன்.”