நல்ல பனி

ஜீப்பை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஜிபி எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தான். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் மாத்திரை அட்டை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

என் வீட்டுக்காரர் பிச்சைமணி அப்போது கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினோரு நாளுக்குப் பிறகு.

எல்லாம் ஒரு வீடியோவால் வந்த வினை.

பள்ளிவாசல் என்கிற எங்கள் மலையூரில் சாயாக்கடைக்காரர், ஜீப் ஓட்டுகிறவர்கள், ரிட்டையர் ஆனவர்கள் என்று ஐம்பத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் சாயா ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதில் இவர்தான் ராணுவத் தளபதி. தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் மெஷின் ஓட்டியவருக்குப் போர் விமானம் எம்மாத்திரம்?

அன்று ஒரு வீடியோவைப் போட்டார். இருட்டு வானம், சீறிப் போகும் ஏவுகணைகள், பற்றியெரிந்து விழும் விமானம். கீழே, மூன்றாம் உலகப் போர் ஆரம்பமாகிவிட்டது என்று சொந்தக் கருத்து வேறு.

இரண்டே நிமிடத்தில் ஜிபியிடமிருந்து பதில் வந்தது. அது போரே இல்லை, கம்ப்யூட்டர் கேம், தன் மகள் தினமும் ஆடுவது, அந்த விமானத்தை அவளே நேற்று நாலு தடவை சுட்டு வீழ்த்தினாள்.

கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று. அதைப் பார்த்து குரூப்பே சிரித்தது. ஒரு வார்த்தை எழுதாமல், நல்ல நாளுக்கு மட்டும் பூப்படம் அனுப்புகிற ஒருவர்கூட ஒரு பொம்மை போட்டார்.

இவருக்கு முகம் சுண்டிப்போனது. குரூப்பை விட்டு வெளியேறினார். ஜிபி இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவனும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு மொத்த உலகமும் என் தலையில் விழுந்தது. காய் நறுக்கும்போது தேர்தல். துணி துவைக்கும்போது ஏஐ வந்து யார் யார் வேலையைப் பிடுங்கும் என்பது. நான் 'ம்' கொட்டுவேன். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் மனுஷர் பாதியிலேயே நிறுத்திவிடுவார். போனை எடுத்து ஜிபியின் பெயர் வரைக்கும் தேய்த்துக்கொண்டு போவார், பார்ப்பார், கவிழ்த்து வைப்பார்.

இருபத்திரண்டு வருடச் சிநேகம். எங்கள் மகள் பிரசவத்துக்கு மலை இறங்கியது அவன் ஜீப்பில்தான். மூன்று சிரிப்புப் பொம்மையில் இது முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

இப்போது அந்த ஜிபி குனிந்து இவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"அண்ணா, நல்ல பனின்னு மெசேஜ் இட்டிட்டு கருவாடா தின்னுறது?"

போனை நீட்டினான். மேலே இவர் பெயர். கீழே ஆங்கில எழுத்தில் இரண்டே வார்த்தை. நல்ல பனி.

எங்கள் தமிழில் பனி என்றால் மலையை மூடுகிற பனி, கம்பளியைத் தேட வேண்டும். ஜிபியின் மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், மாத்திரையைத் தேட வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆயாவாக இருந்த பதினெட்டு வருடமும் இந்த இரண்டு பனிக்கும் நடுவில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

எந்தச் செய்தி வந்தாலும் யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று குடைகிறவன் ஜிபி. இந்த ஒன்றை மட்டும் குடையவில்லை. மலைமேல் போனுக்கு ரேஞ்ச் இல்லாத இடத்திலிருந்து இறங்கியிருக்கிறான், மெசேஜைப் பார்த்திருக்கிறான், அடுத்த சவாரியை வேறொருவனிடம் தள்ளிவிட்டு வீட்டில் கஞ்சியும் பயறும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

இவர் இடது கையால் போனை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் அடுப்பைப் பார்த்தேன்.

காலையில் இவர் குளிக்கப் போயிருந்த நேரம். சார்ஜில் கிடந்த போனில், இவரைப் போலவே ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துத் தட்டி அனுப்ப எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

இவர் தொண்டையைக் கனைத்தார்.

"பனி மூடிக் கெடக்குன்னுல்லா போட்டேன். நீ காய்ச்சல்னு நெனச்சிட்டியோ?"

ஜிபி தலையைத் திருப்பி வாசல் வழியாக வெளியே பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு வந்து, இவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவர் தட்டிலிருந்தே ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்தான்.

"சரிதான் அண்ணா. வர்ற வழியில ரோடே காணல."

வெளியே மார்ச் மாத வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எதிர் மலையில் பவர்ஹவுஸுக்குத் தண்ணீர் இறக்கும் குழாய்கள் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒன்றுவிடாமல் தெரிந்தன.

நான் ஓடிப்போய், கொடியில் மொடமொடவென்று காய்ந்து கிடந்த துணிகளை உள்ளே எடுத்துவந்தேன். பனியில் நனைந்துவிடக் கூடாதே.