விடுப்பில் இருக்கும் கொக்கு

ஏரியின் மதகு உடைந்து தண்ணீரெல்லாம் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. தவளை பதறிப்போய், ஏரி அதிகாரியான கொக்குக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அனுப்பிய கையோடு பதில் வந்து விழுந்தது.

"நான் விடுப்பில் இருக்கிறேன். திரும்பியதும் கவனிக்கிறேன். இப்படிக்கு, கொக்கு."

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதுவேதான். தவளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொக்கு தன்னை விழுங்கினாலும் விழுங்கட்டும் என்று நேரே அலுவலகத்துக்குள் நுழைந்தது.

கொக்கு நாற்காலியில் ஒற்றைக் காலில் நின்றபடி மீன் தின்றுகொண்டிருந்தது.

"எப்ப சார் வந்தீங்க?"

"போன வாரமே வந்துட்டேன். போறப்ப கம்ப்யூட்டர்ல கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி கட்டளை அடிச்சேன். அது தானா பதில் போட்டுட்டே இருக்கு. நிறுத்தலாம்னுதான் நினைச்சேன், ஆனா தொல்லையே இல்லாம நல்லா இருக்கு. மேலிடத்துக் கழுகு ஐயாவே அந்த வரியைக் கேட்டு வாங்கிக்கிட்டார்னா பாரேன்."

"வாய் கூசாம சொல்றீங்களே. அங்க மீனெல்லாம் சேத்துல துடிச்சுச் சாகுது."

மீன் என்றதும் கொக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதகை அடைக்க உடனே ஆள் அனுப்பச் சொல்லிக் கழுகுக்கு எழுதியது. அனுப்பிய கையோடு பதில் வந்து விழுந்தது. தவளை எட்டிப் பார்த்தது.

"நான் விடுப்பில் இருக்கிறேன். திரும்பியதும் கவனிக்கிறேன். இப்படிக்கு, கொக்கு."

"வாங்கின வரியில பேரைக்கூட மாத்தலை அவரு," என்றது தவளை. "நீங்க திரும்பி வந்ததும் கவனிப்பீங்களாம் சார்."