தவக்காலத்துக் குப்பிகள்

குற்றம் செய்ய எட்வேட்டுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு சோடிக் கையுறையும், மனைவி யோசெப்பின் வீட்டில் இல்லாத கொஞ்ச நேரமும்தான். அவள் குப்பை போடக் கீழே இறங்கியதும் குளியலறைக்குள் புகுந்து கதவைப் பூட்டினார்.

யன்னலோரம் இரண்டு சின்னக் குப்பிகள். புருஷன் பெண்சாதி இருவரின் மலமும் பரிசோதனைக்குப் போகத் தயாராக இருந்தது. ஒன்றில் அவர் பெயர், மற்றதில் அவள் பெயர்.

எல்லாம் இந்தத் தவக்காலத்தால் வந்த வினை. மகள் நோராவுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவேண்டுமென்று யோசெப்பின் நேர்த்தி வைத்திருந்தாள். ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது.

"ஆராவது வாய் வைச்சு, பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போச்சுதெண்டால், பழி அவையின்ரை தலையிலைதான்" என்று அவர்கள் குடியிருந்த லோறென்ஸ்கூக் ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கென்று லில்லெஸ்ட்ரோம் கோயிலுக்குப் போய், இருட்டித்தான் வருவாள். வந்தும் சாப்பிடமாட்டாள்.

"விரதத்திலை பசி தெரியாதப்பா" என்பாள். அப்படியொரு பக்தி!

எட்வேட்டுக்குப் பசி நன்றாகவே தெரிந்தது. போன வெள்ளி அவள் அந்தப் பக்கம் போக, இவர் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு நழுவி, ஒரு முழுச் சுட்ட கோழியை எலும்பு மட்டும் மிஞ்சத் தின்று முடித்தார்.

திங்கட்கிழமை வயிறு கலக்கத் தொடங்கியது. யோசெப்பினுக்கும் அதே பாடு. "உங்களிட்டையிருந்துதான் எனக்குத் தொத்தினது" என்று திட்டித் தீர்த்தாள். அவளுக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. அதனால் டாக்டர் மீரா இருவரையுமே சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். என்ன கிருமி, எதைத் தின்று வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று கேட்டதிலிருந்து எட்வேட்டுக்கு நித்திரை இல்லை.

கோழி அவளுடைய பெயரில் அகப்படட்டும். அவள் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வாள், ஆய்வுகூடத்தில் பிழை விட்டுவிட்டார்கள் என்று கதை முடிந்துவிடும். பெயர் ஒட்டுகளை மெதுவாக உரித்து, மாற்றி ஒட்டினார். ஆண்டவரே, மன்னியும்!

முடிவு வந்தது. இருவரும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மீரா சென்னைக்காரி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் வேற வேற. ஒருத்தருக்கு நோரோ வைரஸ். இப்ப ஊர் பூரா சுத்துது, யார்கிட்ட இருந்து வேணும்னாலும் வரும். இன்னொருத்தருக்கு பாக்டீரியா. பெரும்பாலும் சரியா வேகாத சிக்கன்ல வர்றது."

யோசெப்பினின் முகம் வெளிறிப்போயிற்று. பாவம், விரதக்காரிக்குக் கோழியின் பெயரே தாங்கவில்லை என்று எட்வேட் நினைத்தார்.

"கோழி ஆருக்கு டொக்டர்?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"சாருக்கு."

யோசெப்பினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தவக்காலத்திலை கோழியோ? பெத்த பிள்ளையின்ரை எதிர்காலத்தையெல்லோ திண்டுபோட்டியள்!" டாக்டரின் அறையே அதிர்ந்தது.

எட்வேட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லப்போனால் ஒட்டு மாற்றிய கதையையும் சொல்லவேண்டி வரும். மூடிக்கொண்டார்.

அவர் பெயர் ஒட்டியிருந்த குப்பி, யோசெப்பினுடையதல்லவா!