வரப்பு நண்டு போட்ட ஓட்டை

வயலுக்கு நடுவே எண்ணெய் எடுக்க நிறுத்தியிருந்த இரும்புக் கோபுரம் ஓயாமல் துளை போட்டுக்கொண்டிருந்தது. வரப்பு நண்டுக்குப் பொறுக்கவில்லை.

"வயல்காரர் வைரக்கண்ணு ஒரு சாண் வளை தோண்டினதுக்கே என்னை மம்பட்டியால அடிச்சார். நீ மூணு மைல் தோண்டுற; உனக்குப் பூசணிக்காய் உடைச்சு மாலை போட்டாங்க! அவரைக் கேட்டுத்தான் தோண்டுறியா?"

"அவரை எதுக்குக் கேட்கணும்?" என்றது கோபுரம். "மேல்மண்தான் அவரோடது. அடியில இருக்கிறது அவருக்குச் சொந்தமில்ல. சட்டமே அப்படித்தான்."

"என் வளையும் அடியிலதானேய்யா இருக்கு!" என்று நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கத்தியது.

அந்த நேரம் வைரக்கண்ணு வந்தார். பயிரெல்லாம் எண்ணெய் படிந்து கருகிக் கிடந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். அதைச் சுற்றிப் போட்டிருந்த வேலியைப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

"எல்லாம் இந்தச் சனியன் பிடிச்ச நண்டால வந்தது" என்று வளையை மிதித்து மூடினார்.