பதினேழு சந்தேகங்கள்

"தொண்டூர் பச்சைமுத்துவுக்கு எழுதப் படிக்கவே தெரியாதாமே?"

பித்தளைக் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சிங்காரவேலு நிமிர்ந்து பார்த்தார். கடை வாசலில் கசங்கிய சட்டையும் தோளில் ஒரு பையுமாக ஒருவர் நின்றிருந்தார். செஞ்சிக் கடைத்தெருவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கோட்டைக்குத்தான் வழி கேட்பார்கள். இவர் பச்சைமுத்துவைப் பற்றிப் பேசுகிறார்.

"யார் சார் நீங்க? இன்னா வேணும்?"

"மெட்ராஸ்லேருந்து வரேன்." வந்தவர் பையிலிருந்து ஒரு கட்டுத் தபால் கார்டுகளை எடுத்து வைத்தார். "பத்திரிகைக்கு வந்த கார்டு. எழுதினது தொண்டூர் பச்சைமுத்து, வல்லம் தங்கராசு, பனமலை தனகோட்டி. மூணு ஊருக்கும் பஸ் புடிச்சுப் போயிட்டு வரேன். மூணு பேருக்கும் அப்படி ஒரு பத்திரிகை இருக்கறதே தெரியலை. செஞ்சிப் பாத்திரக்கடைக்காரர்தான் பேரைக் கேட்டு வாங்கிக்கிட்டார்னு சொன்னாங்க."

சிங்காரவேலுவின் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் அடுத்த நொடியே சிரித்துவிட்டார். பத்திரிகை ஆபீசிலிருந்து ஆளே தேடி வந்திருக்கிறார் என்றால் 'செந்நிலாச் சிறை' மறுபடி வரப்போகிறது என்றுதானே அர்த்தம்?

அந்த விஞ்ஞானத் தொடர்கதை இருபத்திரண்டாம் வாரத்தோடு நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறது. கேப்டன் நித்திலன் சிவப்பு நிலாவின் பாதாள அறையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது, 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று இரண்டு வரி போட்டு முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கதைக்காகவா இப்படி என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமையானால் பஸ் ஸ்டாண்டுப் பத்திரிகைக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க சார். நான்தான் எழுதினேன், கோவிச்சுக்காதீங்க. கதையில அங்கங்க முன்னுக்குப் பின் இடிக்குது இல்ல? எட்டாம் வாரம் கேப்டனுக்கு எடது கை துண்டாப் பூடுது. பதினாலாம் வாரம் ரெண்டு கையையும் கூப்பிக் கும்புடறான். இந்தத் தெருவுல ஒருத்தன் பாக்கியில்லாம சிரிக்கிறான் சார். எனக்கு வயிறு எரியாதா?"

"எழுதினவர் மறந்திருப்பார்."

"அவரா? மறப்பாரா?" சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பத்தாம் வாரம் கேப்டன் ஒரு ஊத்துல தண்ணி குடிக்கிறான். அதை இன்னாத்துக்கு எழுதினாரு? அந்தத் தண்ணி உள்ள போனா வெட்டுப்பட்டது வளந்துடும். மூணு நாள் யோசிச்சுக் கண்டுபுடிச்சேன்."

வந்தவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாம் வாரம் செத்துப்போன விஞ்ஞானி பத்தொம்பதாம் வாரம் மகளுக்கு லெட்டர் போடறாரே?"

"நல்லாக் கேட்டீங்க. செவப்பு நெலாவுலேருந்து தபால் இங்க வந்து சேர அஞ்சு வருசம் ஆவும் சார். உசுரோட இருக்கசொல்ல போட்ட லெட்டர் அது."

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"இவ்வளவு நல்ல பதிலைக் கையில வச்சுக்கிட்டு, இந்தக் கார்டுல எல்லாம் வெறும் குத்தமா எழுதியிருக்கீங்களே. 'எழுத்தாளருக்கு மூளை இருக்கிறதா'ன்னு கேட்டிருக்கீங்க."

"அதுதான் சார் சூட்சுமம். கேள்வி கேக்கறவனே பதிலும் சொன்னா எடுபடுமா? மொதல் வாரம் சந்தேகத்தை அவுங்க பேர்ல போடுவேன். காரமா எழுதினாத்தான அச்சுல வரும்? அப்பறம் ஒரு வாரம் காக்க வச்சு, என் பேர்ல பதிலை அனுப்புவேன். தொடர்கதைன்னா ஒரு வாரம் தவிக்க உடணும் இல்ல? அதே மாதிரி. பதினேழு சந்தேகம், பதினேழு பதில். ஒண்ணைக்கூடப் போடலியே சார் நீங்க."

"பதினேழு சந்தேகத்தையும் பத்திரிகை ஆசிரியர் படிச்சார்," என்றார் வந்தவர். "மூணு ஊர் ஜனங்க கதையைக் காறித் துப்பறாங்கன்னு நெனச்சார். உங்க பேர்ல வந்த பதிலையெல்லாம் யாரோ கிறுக்கன் எழுதறான்னு குப்பையில போட்டுட்டார். கதையை நிறுத்தினது அதனாலதான்."

தன் கையாலேயே கதையைக் கொன்றுவிட்டோம் என்பது சிங்காரவேலுவுக்கு உறைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் மெட்ராசுக்கு வரேன் சார். ஆசிரியர் கால்ல வேணா உழறேன்."

"இனிமே அவர் போட மாட்டார். அந்த எடத்துல வேற கதை ஆரம்பிச்சாச்சு."

"அவர் போடலன்னா போவட்டும். எழுதினவரு மிச்சத்தையும் எழுதித்தான வச்சிருப்பாரு? அவர் வூட்டு அட்ரசைக் குடுங்க. வாசப்படியில குந்தி ஒரே ஒரு தபா படிச்சுட்டு வந்துடறேன். கேப்டன் எப்படித் தப்பிச்சான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

வந்தவர் கார்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இந்தக் கார்டையெல்லாம் ஆசிரியர் என் கையில குடுத்த அன்னிக்கே, நான் எழுதி வச்சிருந்த மிச்சம் எட்டு வாரத்தையும் அடுப்புல போட்டுட்டேங்க."